செவில் நகரத்துப் பள்ளிவாசலும் ஒரு கால்பந்து வீரரும்

2007-ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்பெயின் நாட்டின் தெற்கே உள்ள செவில் நகரத்தில், ஒரு தொழுமிடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. போன்ஸ் தே லியோன் சதுக்கத்தில் இருந்த இடம் அது. மினாராவோ குப்பாவோ கிடையாது. வேலை தேடி வந்தவர்களும் மாணவர்களும், ஸ்பானியர்களிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களும் அங்கே ஜும்ஆவுக்குக் கூடுவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் இடம் விற்பனைக்கு வந்தது. ஜமாஅத்தாரிடம் வாங்கும் சக்தி இல்லை. வேறு ஒருவர் வாங்கிவிட்டால் தொழ இடமில்லை.

அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் அந்நகரத்தின் செவில்லா கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த முன்கள வீரர் ஃப்ரெடெரிக் உமர் கனூத்தே. ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தார். அவருடைய ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம் அது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. மேடை போட்டு அறிவித்துச் செய்த காரியமல்ல. செய்தித்தாள்கள் எழுதிய பிறகுதான் ஊர் பேசியது.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பியக் கால்பந்து வீரர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். யார் எத்தனை கோல் போட்டார், எத்தனை கோடிக்கு விலைபோனார் என்பதெல்லாம் விரல் நுனியில். கனூத்தேயின் பெயர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் ஆட்டத்தை விட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதனால் இந்த மாதப் பாடத்துக்கு அவரை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் உலக வரைபடம் இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று ஊர்களைக் காட்டிவிட்டுப் படியுங்கள்: பிரான்ஸில் லியோன், ஸ்பெயினில் செவில், மேற்கு ஆப்பிரிக்காவில் பமாகோ. அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த மூன்று ஊர்களைச் சுற்றியே அமைந்தது.

1977 செப்டம்பர் 2-ஆம் நாள் லியோன் நகரை ஒட்டிய செயிந்த்-ஃபுவா-லெ-லியோன் என்ற ஊரில் பிறந்தார். தாய் பிரெஞ்சுக்காரர். தந்தை மாலியிலிருந்து பிழைப்புக்காக பிரான்ஸ் வந்தவர். மாலி 1960 வரை பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் வெளிநாட்டில் உழைக்க, ஊரில் பத்துப் பேர் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மார்க்கத்தை அவர் வெறும் குடும்பச் சொத்தாக வாங்கிக்கொள்ளவில்லை. இருபது வயதையொட்டி, தானாகத் தேடிப் படித்து, விளங்கிக்கொண்டு கடைப்பிடிக்கத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் லியோன் கிளப்பில் தொழில்முறை வீரராகவும் ஆனார். பணமும் பெயரும் வரத் தொடங்கும் வயதில் தொழுகையும் சேர்ந்து வந்தது. பெரும்பாலும் அந்த வயதில் நம் பிள்ளைகளிடம் இரண்டில் ஒன்று குறைவதைத்தான் பார்க்கிறோம்.

2000-ஆம் ஆண்டு லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் அதே நகரத்தின் டாட்டன்ஹாமுக்கு மாறினார். ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் முரட்டுத்தனம் இல்லாத ஆட்டம். பந்தைக் காலில் வாங்கி நிறுத்தி, அவசரப்படாமல் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுப்பார். இங்கிலாந்து ரசிகர்களில் சிலர் அதைச் சோம்பல் என்று நினைத்தார்கள். காயங்களும் இருந்தன. நல்ல வீரர், ஆனால் பெரிய வீரர் அல்ல என்ற பெயரோடுதான் 2005-ல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார்.

அதற்கு முன் அவர் எடுத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர் அவர். பழைய விதிப்படி ஒரு நாட்டின் இளையோர் அணியில் ஆடியவர் பிறகு வேறு நாட்டுக்கு மாறுவது எளிதல்ல. 2004-ல் ஃபிஃபா அந்த விதியைத் தளர்த்தியது. கனூத்தே உடனே தந்தையின் நாடான மாலியைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆண்டே துனீசியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் நான்கு கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவர்களில் ஒருவரானார். மாலி அரையிறுதி வரை போனது. அந்த நாட்களில் ஆப்பிரிக்கக் கோப்பை ஐரோப்பிய சீசனின் நடுவில், ஜனவரியில் வந்தது. சம்பளம் கொடுக்கும் கிளப்புகளுக்கு அது பிடிக்காது. அவருடைய கிளப்புக்கும் பிடிக்கவில்லை.

மாலிக்காக 2010 வரை ஆடினார். அந்த ஆண்டு ஜனவரியில் அங்கோலாவில் நடந்த தொடக்க ஆட்டத்தைப் பழைய ரசிகர்கள் இன்னும் பேசுவார்கள். அங்கோலா நான்கு கோல், மாலி பூஜ்யம், ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. மாலி நான்கு கோலையும் திருப்பி அடித்து 4–4 என்று முடித்தது. அதில் ஒன்று கனூத்தேயுடையது.

இனி செவில். ஏழு ஆண்டுகள் அங்கே ஆடினார், அந்த ஏழும் அவருடைய பொற்காலம். 2006 மே மாதம் ஐந்தோவனில் நடந்த யூஃபா கோப்பை இறுதியில் செவில்லா 4–0 என்று மிடில்ஸ்பரோவை வென்றது. கடைசிக் கோல் இவருடையது. அதே ஆகஸ்டில் ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் பார்சிலோனாவை 3–0 என்று தோற்கடித்தார்கள், அதிலும் ஒரு கோல் இவருடையது. 2007-ல் கிளாஸ்கோவில் மறுபடியும் யூஃபா கோப்பை. பிறகு ஸ்பானிய மன்னர் கோப்பையின் இறுதியில் ஹெதாஃபேக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோல். ஆகஸ்டில் ஸ்பானிய சூப்பர் கோப்பையில் ரியால் மாட்ரிட்டின் சொந்த மைதானத்திலேயே மூன்று கோல். செவில்லாவுக்காக மொத்தம் 136 கோல். 2007-க்கான ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் வந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

கோல் கணக்கு இத்தோடு போதும். அந்த ஆண்டுகளில் நடந்த வேறு இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

2006-ல் செவில்லா கிளப் இணையச் சூதாட்ட நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது. வீரர்களின் சட்டையில் நெஞ்சுக்கு நேராக அந்த நிறுவனத்தின் பெயர் வந்தது. சூதாட்டம் மதுவோடு சேர்த்து மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. கனூத்தே அந்தச் சட்டையை அணிய மறுத்தார். கிளப் அவருக்கு விளம்பரம் இல்லாத சட்டையைக் கொடுத்தது.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தொழிலின் ஏற்பாடு தெரிய வேண்டும். சட்டை விளம்பரம் கிளப்பின் பெரிய வருமானங்களில் ஒன்று. அந்தப் பணத்திலிருந்துதான் வீரரின் சம்பளமும் வருகிறது. ஒப்பந்தம் கிளப்புக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நடப்பது, வீரரிடம் யாரும் கேட்பதில்லை. கோல் அடிக்கும் வீரரின் படம்தான் மறுநாள் பத்திரிகையில் வரும் என்பதால், மற்ற எவருடைய நெஞ்சைவிடவும் அவருடைய நெஞ்சுக்குத்தான் விளம்பரக்காரர் விலை கொடுக்கிறார். அப்படிப்பட்ட ஒருவர், அணியில் சேர்ந்து ஓராண்டு ஆன நிலையில், முடியாது என்று சொல்கிறார். பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கிளப்பைத் திட்டவில்லை. நிர்வாகத்திடம் பேசி ஒரு வழி கண்டார். வேலை செய்யும் இடத்தில் மார்க்கத்துக்கு ஒவ்வாத ஒன்று குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேலையை விட்டு ஓடுவதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் நடுவில் கேட்டுப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. அவர் கேட்டார், கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை, ஆனால் பலர் கேட்பதே இல்லை. கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கும்போது ஓவருக்கு ஓவர் பந்தய விளம்பரம் வரும் இந்தக் காலத்தில், அந்தச் சட்டையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.

இரண்டாவது விஷயம் 2009 ஜனவரி 7-ஆம் நாள் நடந்தது. காஸாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள். மன்னர் கோப்பையில் தெப்போர்த்தீவோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் கோல் அடித்த கனூத்தே தன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்புப் பனியனில் பல மொழிகளில் ஒரே சொல்: பாலஸ்தீன். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சட்டையைக் கழற்றிக் கொண்டாடினால் மஞ்சள் அட்டை என்பது ஆட்ட விதி. பிறகு ஸ்பானியக் கால்பந்துச் சம்மேளனம் அபராதமும் விதித்தது. விதி இருப்பதும், விலை கொடுக்க வேண்டிவரும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் பனியனில் எதுவும் இல்லை. யாரையும் ஏசவில்லை.

ரமளானில் நோன்பு நோற்றபடியே ஆடியவர் அவர். செவில் வெயிலுக்குப் பெயர்போன ஊர், ஐரோப்பாவிலேயே மிகச் சூடான நகரங்களில் ஒன்று. அவருடைய கடைசி ஆண்டுகளில் ரமளான் ஆகஸ்டுக்கு நகர்ந்துவிட்டது. பயணத்திலும் கடும் சிரமத்திலும் மார்க்கம் தரும் சலுகைகள் உண்டு, அவற்றை ஆலிம்களிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும். ஆனால் பரீட்சை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது என்று தேகசுகமுள்ள பிள்ளைகளை நோன்பிலிருந்து நாமே தடுக்கும் வழக்கம் சில வீடுகளில் பரவியிருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம்.

இப்போது பள்ளிவாசலுக்குத் திரும்புவோம்.

செவில் என்பது ஒரு காலத்தில் இஷ்பீலிய்யா. அந்தலூஸ் என்று நம் மூதாதையர் சொன்ன ஸ்பெயினில் அறிவுக்கும் வணிகத்துக்கும் பேர்போன நகரம். முவஹ்ஹிதுகள் அங்கே கட்டிய பெரிய பள்ளிவாசலின் மினாரா 1198-ல் நிறைவடைந்தது. 1248-ல் மன்னர் மூன்றாம் ஃபெர்டினாண்டிடம் நகரம் வீழ்ந்தது. பள்ளிவாசல் தேவாலயமானது. மினாரா இன்றும் ஹிரால்டா என்ற பெயரில், உச்சியில் மணிகளைத் தாங்கியபடி நிற்கிறது. ஒளூ செய்த முற்றம் ஆரஞ்சு மரங்களோடு சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்திருக்கிறது. உலகத்தின் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று இருந்த ஊரில், 2007-ல் முஸ்லிம்கள் வாடகை இடத்தில் தொழுதார்கள். புதிதாக ஒரு பள்ளி கட்ட நகரின் லோஸ் பெர்மெஹாலெஸ் பகுதியில் எடுத்த முயற்சி அக்கம்பக்கத்தார் எதிர்ப்பில் சிக்கி நின்றுபோயிருந்தது. 1992-ல் ஸ்பெயின் அரசு இஸ்லாமியக் குழுவோடு ஒப்பந்தம் செய்து அதைச் சட்டமாக்கியிருந்தது உண்மை. தொழுமிடங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. இடம் வாங்கும் பணத்தை ஜமாஅத்துகளே தேட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. 1324-ல் மாலியின் மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குப் போனார். அவர் வழியில் வாரிக்கொடுத்த தங்கத்தால் கெய்ரோவில் தங்கத்தின் விலையே இறங்கிப்போனது என்று அக்கால எழுத்தாளர்கள் எழுதினார்கள். அந்தப் பயணத்தில் கிரனாடாவைச் சேர்ந்த அபூ இஸ்ஹாக் அஸ்ஸாஹிலி என்ற கவிஞரைச் சந்தித்துத் தன்னோடு மாலிக்கு அழைத்து வந்தார். திம்பக்துவின் ஜிங்கரேபெர் பள்ளிவாசலைக் கட்டியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அந்தலூஸிலிருந்து போன ஒருவர் மாலியில் பள்ளிவாசல் எழுப்பினார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து, மாலிக்காரர் ஒருவரின் மகன் அந்தலூஸில் ஒரு பள்ளிவாசல் மூடப்படாமல் காத்தார். கனூத்தே இதை நினைத்துத்தான் செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது.

ஓராண்டுச் சம்பளம் என்றோம். ஒரு கால்பந்து வீரருக்கு அது நம்மைப் போன்றவர்களின் ஓராண்டுச் சம்பளம் அல்ல. ஆசிரியரோ கடைக்காரரோ முப்பது, நாற்பது ஆண்டுகள் சம்பாதிப்பார். முன்கள வீரரின் கால் பதினைந்து ஆண்டுகள் உழைத்தால் அதிகம். முழங்கால் ஒன்று திரும்பினால் அதுவும் இல்லை. கனூத்தேக்கு அப்போது வயது முப்பது. மீதி இருப்பது ஐந்தாறு ஆண்டுகள்தான் என்று கணக்குப் பார்க்கும் வயது அது. வளைகுடாவில் ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்ற கவலையோடு உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். அந்தக் குறுகிய காலத்திலிருந்து முழுசாக ஓராண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எதற்குக் கொடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். சில மாத வாடகையைக் கட்டிவிட்டு நல்ல பெயரோடு விலகியிருக்கலாம். வாடகை கொடுத்தால் அடுத்த ஆண்டும் அதே பிரச்சினை வரும். இடத்தையே வாங்கிவிட்டால் பிரச்சினையின் வேர் போய்விடும். நம் மார்க்கத்தில் வக்ஃபு என்ற ஏற்பாட்டின் நுட்பமே இதுதான். வக்ஃபு செய்யப்பட்ட சொத்தை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுகள் பங்குபோட முடியாது. கொடுத்தவர் ஊரைவிட்டுப் போனாலும் இடம் ஊரிலேயே இருக்கும். கனூத்தே 2012-ல் செவில்லாவை விட்டு சீனாவின் பெய்ஜிங் குவோஆன் கிளப்புக்குப் போனார், 2013-ல் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். ஸஜ்தா செய்ய அந்த ஊர்க்காரர்களுக்கு இடம் இருந்தது. நம் அறக்கட்டளைக்கு வரும் நன்கொடைகளில் அன்றைய தேவைக்குச் செலவாகிவிடுபவையும் உண்டு, நிலையான தர்மமாக நிற்பவையும் உண்டு. இரண்டும் வேண்டும். பசித்தவருக்குச் சோறு நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. ஆனால் எந்தத் தேவை ஆண்டுதோறும் திரும்பி வருகிறதோ, அதற்கு ஆண்டுதோறும் வசூல் செய்வதா, ஒரே முறை முயன்று தீர்ப்பதா என்று ஜமாஅத்துகள் உட்கார்ந்து பேச வேண்டும்.

மாலியிலும் அவர் இதே போக்கில்தான் செய்தார். தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தலைநகர் பமாகோவை ஒட்டி யதீம் பிள்ளைகளுக்காக ஒரு குழந்தைகள் கிராமம் அமைத்தார். பெயர் சகீனா. மன அமைதி என்று பொருள், குர்ஆனில் வரும் சொல். அதைக் கட்டப் பணம் திரட்ட நட்சத்திர வீரர்களை அழைத்து நிதி ஆட்டங்கள் நடத்தினார். தாய் தந்தையை இழந்த பிள்ளைகளைப் பெரிய கூடம் ஒன்றில் வரிசையாகப் படுக்கவைக்கும் விடுதி முறையை விட்டு, வீடுகளாகப் பிரித்து வளர்ப்பது இத்தகைய கிராமங்களின் முறை. பக்கத்திலேயே படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வழி செய்யப்படும். யதீம்கானா நடத்துபவர்கள் இந்த முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. செலவு கூடும். ஆனால் ஒரு பிள்ளைக்கு, இது என் வீடு என்று சொல்ல ஒரு கதவு கிடைக்கும்.

போன்ஸ் தே லியோன் சதுக்கத்து இடம் காலப்போக்கில் சிறியதாகிவிட்டது. ஜும்ஆ நாளில் இடம் போதவில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவும் வசதியில்லை. 2019-ல், செவிலில் பள்ளிவாசலுக்கென்றே ஒரு கட்டடமும் பண்பாட்டு மையமும் அமைக்க இணையத்தில் நிதி திரட்டும் முயற்சியை முன்னின்று தொடங்கியவர் கனூத்தேதான். இலக்கு பத்து லட்சம் டாலர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒற்றை ஆளாகப் பணத்தை எண்ணி வைத்தவர், இம்முறை உலகெங்கும் முகம் தெரியாதவர்களிடம் ஐந்தும் பத்துமாகக் கேட்டு நின்றார்.